நாற்பத்தெட்டுப் பெட்டிகளும் ஒரு பிடி அட்சதையும்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது ஒரு சின்ன விஷயம். இங்கே கடைக்கு வருகிறவர்கள் முறுக்குப் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் அதைத் திருப்பி முதுகைப் பார்க்கிறார்கள். விருதுநகரில் நாங்கள் பாக்கெட்டை லேசாக அழுத்திப் பார்ப்போம். காதருகே ஆட்டிப் பார்ப்போம். ரொம்பச் சந்தேகமாக இருந்தால், "இன்னைக்கு வந்ததா அண்ணாச்சி?" என்று கடைக்காரரைக் கேட்போம். அவர் "ஆமா" என்றால் அது இன்றைக்கு வந்ததுதான். இங்கே லிட்டில் இந்தியாவின் ஒரு சந்தில், கடைக்காரர் எதிரிலேயே நிற்கும்போது, ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தட்டைப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு கடிதம்போல முழுவதும் வாசித்ததைப் பார்த்தேன். கடைக்காரரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். எனக்குத்தான் அவருக்காகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இன்று அந்த முதுகை வாசிப்பதுதான் என் வேலை. கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். இங்கே ஒரு சிறிய சரக்கு அனுப்பும் நிறுவனத்தில், வெளிநாட்டுக்குப் போகும் உணவுப் பொருள்களுக்கான காகிதங்களைத் தயார் செய்கிறேன். மொத்தக் கடையில் வாங்கிய பத்துப் பெட்டி மிக்சரை வேறொரு நாட்டுக்கு அனுப்புவது, ஊருக்குப் பார்சல் போடுவதைப் போல என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். என்ன பொருள், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் தயாரித்தது, எந்த நாட்டில், எந்தத் தொகுதியில் தயாரானது, எந்தத் தேதிவரை நல்லது. இந்த ஆறும் தொழிற்சாலை அச்சிட்ட உறையிலேயே இருக்க வேண்டும். பில்லில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பால், நெய், முளைக்கக்கூடிய விதை என்று ஏதாவது இருந்தால் தனியாக விசாரிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபின் இங்குள்ள சுங்கத்துறை "போகலாம்" என்று சொல்வது பாதி வேலைதான். போய்ச் சேரும் நாடு "வரலாம்" என்று சொல்ல வேண்டும். விசா வாங்கிய யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

லோகா அக்கா என் வாடிக்கையாளர். ஐம்பத்து நான்கு வயது, சிங்கப்பூரிலேயே பிறந்தவர், பேச்சின் முடிவில் இந்த ஊர் 'லா' வந்து விழும், வீடு பிடோக்கில். ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்து ஒன்றில் அவர் அப்பா நடத்திய மளிகைக் கடையை இப்போது அவர் நடத்துகிறார். எல்லோரும் கைபேசியில் ஆர்டர் செய்யத் தொடங்கியபின், அந்தக் கடைக்குள் சாமான் வாங்க வருகிறவர்களைவிட வழி கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்த நிலையில்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. முன்பு அவரிடம் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் அங்கே குடியேறிக் கடை வைத்திருக்கிறார். முறுக்கு, தட்டை, மிக்சர், அப்பளம், புளிக் கரைசல் என்று மொத்தம் நாற்பத்தெட்டுப் பெட்டி. முதல் சரக்கு ஒழுங்காக வந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்வதாகவும், சிக்கல் வந்தால் மலேசியாவிலிருந்து வரவழைத்துக்கொள்வதாகவும் அவர் தெளிவாக எழுதியிருந்தார். "இது நின்னா கடை நிக்கும்" என்றார் அக்கா, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து. "இல்லைன்னா ஷட்டர இறக்கிட்டு, மக வீட்டுல பேரப்பிள்ளைக்கு டயப்பர் மாத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை பிடிக்காது லா. இப்பவே சொல்லிட்டேன்."

தயாரிப்பில் எங்களுக்குள் நடந்த சண்டைகளை வரிசையாகவே சொல்லலாம். முதலாவது மூட்டைச் சண்டை. அக்கா மொத்தக் கடையில் பெரிய மூட்டையாக வாங்கி, அரைக் கிலோ, கால் கிலோவாகப் பிரித்துத் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி விற்பவர். பிரித்த கணமே தயாரித்தவர் பெயர், தொகுதி எண், தேதி எல்லாம் மூட்டையோடு போய்விடுகின்றன.

"எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான். என் ஸ்டிக்கர பாத்துத்தான் வாங்குறாங்க."

"உங்களத் தெரிஞ்சவங்க வாங்குவாங்க அக்கா. பெர்த்ல இருக்கிற ஆபீசருக்கு உங்களத் தெரியாது."

"அப்ப வந்து பாக்கச் சொல்லு. டீ போட்டுத் தர்றேன்."

கடைசியில் தொழிற்சாலை மூடிய பாக்கெட்டுகளாகவே வாங்கினோம். அடுத்தது பெட்டிச் சண்டை. சந்தையில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வாழைப்பழ அட்டைப்பெட்டிகளை அக்கா அடுக்கி வைத்திருந்தார். பழம், காய்கறி இருந்த பெட்டி கூடாது என்று விதியே இருக்கிறது என்றேன். "வாழைப்பழம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாலும் புதிய பெட்டி வாங்கினார். பிறகு பில். மொத்தக் கடைக்காரர் புளிக் கரைசல் தவிர மற்ற நான்கு வகைப் பொருளையும் சேர்த்து "பலகாரம், 40 பெட்டி" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பிரித்து எழுதி வாங்க நான் மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை அவர், "இந்தா, ஒவ்வொரு முறுக்குக்கும் பேரு வச்சு எழுதித் தரட்டா?" என்றார்.

கடைசியாக, உற்பத்தியான நாடு என்ற கட்டம். இந்தியா என்று எழுதினேன். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "நான் சிங்கப்பூர்ல வாங்குனேன். சிங்கப்பூர்ல பெட்டி கட்டுனேன். இங்க என் கடையில ரெண்டு வாரம் இருந்துச்சு. அப்புறம் என்ன இந்தியா?" வாங்குவதும் பெட்டி கட்டுவதும் அடுக்கி வைப்பதும் ஒரு பொருளின் பிறப்பிடத்தை மாற்றாது, பொருளே வேறொன்றாக மாறினால்தான் உண்டு என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு அந்தக் கட்டத்துல என்ன போடுவே?" என்றார். "நீங்க உணவுப் பொருள் இல்லக்கா, உங்களுக்கு வேற ஃபாரம்" என்றேன். இருவரும் சிரித்தோம். அதற்குமேல் அந்தப் பேச்சை நாங்கள் இழுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லாம் தயார். நாற்பத்தெட்டுப் பெட்டிகள் மூடாமல் கடை முழுக்க வரிசையாக நின்றன. டேப் ஒட்டுவது மட்டுமே பாக்கி. அக்கா கடைக்குள்ளிருந்த சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார். படத்தின் முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து முதல் பெட்டிக்குள் ஓர் ஓரமாக வைத்தார். பிறகு தட்டிலிருந்து மஞ்சள் அரிசியை அள்ளி என் உள்ளங்கையில் பாதி கொடுத்தார். தன் பங்கை அவர் முன்வரிசைப் பெட்டிகளில் தூவினார். நான் பின்வரிசையில் தூவினேன். சீராக, எந்தப் பெட்டியும் விட்டுப்போகாமல் தூவினேன். பிறகு டேப் ஒட்டினோம்.

இதை எப்படிச் செய்தேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். என் அப்பா விருதுநகரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் லோடு ஏற்றுவதை மேற்பார்வை பார்த்தவர். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பேன். புதிய வியாபாரி ஒருவரின் முதல் லோடு என்றால், மூட்டைகள் ஏறியபின் தார்ப்பாய் போடுவதற்கு முன், சுற்றி நிற்கிற எல்லோர் கையிலும் அட்சதை வரும். வாங்கியவர்கள் தூவ வேண்டும். அந்த வியாபாரி யார், சரக்கு குண்டூருக்குப் போகிறதா கொச்சிக்குப் போகிறதா என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆபீஸ் வேலையாக யாரோ உள்ளே வந்திருந்தால் அவர் கைக்கும் வரும், அவரும் தூவுவார். பல்லாரி வெங்காய மூட்டைமேல் விழுந்த அரிசி வழியில் எங்கோ காற்றில் போய்விடும். அதைத் தேடிப் பார்க்க எந்தச் சோதனைச் சாவடியிலும் ஆள் இல்லை. அட்சதை கையில் விழுந்தால் தூவ வேண்டும் என்பதை என் கை அங்கே கற்றுக்கொண்டது. நான் அதற்குப் பிறகு கற்றதெல்லாம் தலையில் இருக்கிறது.

கையிலிருந்து தலைக்கு விஷயம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புக்கிட் பாஞ்சாங்கில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கைபேசியில் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாகச் சரி என்று குறித்துக்கொண்டு வந்தேன். பதினோராவது வரி: பெட்டிக்குள் வைக்கோல், உமி, தானியம், இலை, மண் எதுவும் இல்லை. சரி என்று குறித்தேன். குறித்த விரலுக்குக் கீழே, கைக்கடிகார வாருக்கும் தோலுக்கும் நடுவில், ஒரு மஞ்சள் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையில் நின்றபடியே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, பெட்டி எல்லாத்தையும் திரும்பத் திறக்கணும்."

"ஏன்மா? எதையாச்சும் வைக்க மறந்துட்டோமா?"

"இல்லக்கா. வைக்கக் கூடாதத வச்சுட்டோம். அரிசி, எலுமிச்சம்பழம்."

பின்னால் தொலைக்காட்சியில் யாரோ தமிழில் செய்தி வாசிப்பது கேட்டது.

"ஒரு பிடி அரிசி, சுகன்யா. ஒரு ஆளு சோத்துக்குக்கூடப் பத்தாது. நாற்பத்தெட்டுப் பெட்டில யாரு தேடப் போறா?"

"தேடுறதுதான் அக்கா அவங்க வேலை. ஒரு மணி கிடைச்சாலும் மொத்தத்தையும் நிறுத்தி வைப்பாங்க. அழிக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. அடுத்த தடவை உங்க பேரு வந்தாலே திறப்பாங்க. பெர்த்காரர் அதுக்கப்புறம் உங்ககிட்ட வாங்க மாட்டார்."

"நீயும்தான தூவுனே?"

"ஆமாக்கா."

"நான் படிக்காதவ. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். தூவுறப்ப தெரியல."

இந்தப் பதிலை என் மேலாளர் ஏற்கமாட்டார். அக்கா ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆனால் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. சாமியிடம் வைத்ததைத் திரும்ப எடுப்பது நல்லதில்லை என்றார். நான் வாதாடவில்லை. காலையில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழித் தாள் ஒன்று இருக்கிறது, அதில் தானியம் எதுவும் உள்ளே இல்லை என்ற வரி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சாமி அரிசியை உள்ளே வைத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ச்சே" என்றார். பிறகு, "லாரி எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"ஏழு மணிக்கு வந்துரு. குளிச்சிட்டு வா."

சனிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு, இரண்டு தூரிகை, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, டேப் உருளைகள், டார்ச் விளக்கு ஆகியவற்றோடு போனேன். ஒவ்வொரு பெட்டியாக விரிப்பின்மேல் கவிழ்த்து, பாக்கெட்டுகளைத் துடைத்து எண்ணி, பெட்டியின் அடி மடிப்புகளில் விளக்கடித்துப் பார்த்து, திரும்ப அடுக்கி ஒட்டினோம். அக்கா ஒரு வெள்ளித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கிடைத்த ஒவ்வொரு மணியையும் அதில் போட்டார். ஒன்றும் தரையில் விழக் கூடாது என்பது அவர் விதி. ஒன்றும் பெட்டியில் இருக்கக் கூடாது என்பது என் விதி. இரண்டு விதிக்கும் வேலை ஒன்றாகத்தான் இருந்தது. முதல் பத்துப் பெட்டிகள்வரை அவர் என்னோடு பேசவில்லை. பதினொன்றாவது பெட்டியில் நான் சுத்தம் என்று சொல்லி ஒட்டப் போனபோது, "நில்லு" என்று விரலால் மடிப்புக்குள்ளிருந்து இரண்டு மணிகளை எடுத்துக் காட்டினார். "டெக்னாலஜி படிச்சவளுக்குக் கண்ணு தெரியல" என்றார். அதற்குப்பின் பேச ஆரம்பித்துவிட்டோம்.

பத்தரைக்கு முடிந்தது. உறுதிமொழித் தாளை நீட்டினேன். தாளின் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தட்டிலிருந்த அரிசியைக் கழுவிப் பொங்கலில் போட்டுவிடுவதாகச் சொன்னார். எலுமிச்சம்பழம் மட்டும் அவர் கையில் இருந்தது. அதை உருட்டிக்கொண்டே பெட்டிகளைப் பார்த்தார்.

"மொட்டையா போவுதே சுகன்யா. எங்கப்பா கடையிலேர்ந்து முதத் தடவையா கடல் தாண்டுற சரக்கு. ஒரு குங்குமங்கூட இல்லாம, அனாத மாதிரி. உனக்கு இது வேலை, முடிச்சிட்ட. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு."

எனக்கும் அது வேலையாக மட்டும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். எதெல்லாம் கூடாது என்பதை விட்டுவிட்டு, எதெல்லாம் தடுக்கப்படவில்லை என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். பெட்டிக்குள் கூடாது. பெட்டிமேலும் கூடாது. கன்டெய்னருக்குள் கூடாது.

"அக்கா, லாரிக்கு வைக்கலாம். சக்கரத்துக்கு அடியில. லாரி துறைமுகத்தோட திரும்பிடும், கடல் தாண்டாது. எந்த ஃபாரத்துலயும் அதப் பத்திக் கேள்வி இல்ல."

"அது புதுக் காடி எடுத்தாத்தான வைப்பாங்க?"

"எங்க ஊர்ல புது வண்டிக்கு மட்டுமில்ல, முத லோடுக்கும் வைப்பாங்க."

"உங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு வழி வச்சிருக்கீங்க" என்று எழுந்தார். "அப்புறம் எதுக்குத்தான் இங்க வந்தியோ."

லாரி ஓட்டி வந்த டான் அங்கிள் அறுபதைத் தாண்டிய சீனர். எங்கள் நிறுவனத்துக்குப் பல வருடமாக ஓட்டுகிறார். பெட்டிகளை ஏற்றிக் கதவைப் பூட்டியபின், அக்கா முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுக் கைகூப்பினார். டான் அங்கிள் வந்தார், குனிந்தார், பழத்தை எடுத்துத் தன் கால்சட்டையில் துடைத்து அக்காவிடம் நீட்டினார். "ஆன்ட்டி, யுவர் லைம் ட்ராப்." அக்கா வாங்கித் திரும்பவும் வைத்தார். "நோ நோ, ஆன்ட்டி, ஐ ட்ரைவ், யுவர் லைம் டை." நான் ஆங்கிலத்தில் நீளமாக விளக்கத் தொடங்கினேன். பயணத்தின் தடைகள், திருஷ்டி என்றெல்லாம் வார்த்தை தேடித் தடுமாறினேன். அக்கா என்னை விலக்கிவிட்டு, "அங்கிள், திஸ் ஒன் ஃபார் சேஃப்டி லா" என்றார்.

"ஓ, சேஃப்டி!" அவர் முகம் தெளிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய சிவப்புத் தாயத்தைக் காட்டி, "சேம் சேம்" என்றார். ஏறி உட்கார்ந்து, தேர்வு எழுதும் ஒருவரைப் போலக் கவனமாக, மிக மெதுவாக வண்டியை முன்னால் நகர்த்தினார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாசனை மட்டும் எழுந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெர்த்தில் சில பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். குறிப்பிட ஒன்றும் இல்லை என்று எழுதி விடுவித்தார்கள். என் தொழிலில் அதைவிட நல்ல செய்தி இல்லை. அக்காவுக்கு இரண்டாவது ஆர்டர் வந்துவிட்டது. அவர் அது எலுமிச்சம்பழத்தால் என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்தச் சரக்கை நினைக்கும்போது எனக்குப் பெர்த் தோன்றுவதில்லை. லாரி சந்து முனையில் திரும்பி மறைந்த அந்தக் காலைதான் தோன்றுகிறது.

விருதுநகரில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெயிலில் காய்ந்து, அடுத்த வண்டியில் நசுங்கி, சாலையோடு சாலையாகிவிடும். இங்கே அக்கா கையை இறக்கியதுமே, "பொறுக்கிடு சுகன்யா, அபராதம் போட்டுருவான்" என்றார். குனிந்து பொறுக்கினேன். பழத்தில் பாதிதான் கிடைத்தது. சுவரோரம், சாக்கடை மூடிமேல் எல்லாம் தேடினேன். "இன்னொரு பாதி டயரோட போயிருக்கும், விடு" என்று சொல்லிவிட்டு அக்கா கடைக்குள் போனார். கிடைத்த பாதியைத் தாளில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு சந்திலேயே நின்றேன். இரண்டடி தூரத்தில் குப்பைத் தொட்டி இருந்தது. சாமியிடம் வைத்ததை அதில் போட எனக்கு மனம் வரவில்லை. தரையில் விட்டுப் போக இந்த ஊர் விடாது. மற்ற பாதி சற்று நேரத்தில் துறைமுக வாசலின் லாரி வரிசையில், காகிதங்களைச் சரிபார்க்கும் சாளரத்துக்குக் கீழே, கப்பலுக்கு அவ்வளவு பக்கத்தில், ஏற வழியில்லாமல் டயரில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும்.